எஸ்க்யூஎல் சர்வரில் பிழை எங்கே காணாமல் போகிறது? அறிகுறியைப் பார்த்துத் தேடும் வழிமுறை

ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்து ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) சொதப்பும்போது உண்மையான பிழைச் செய்தி கைக்குக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பல இடங்களில் அந்தச் செய்தி வந்து சேர்வதே இல்லை. பிழையைப் பிடிக்க எழுதிய வரிகளே அதை விழுங்கிவிடுகின்றன, இல்லையென்றால் வேறொரு பிழையாக மாற்றிக் காட்டுகின்றன. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் இப்படி நடக்கும் வழிகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். உதாரணங்களுக்கு ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில் போடும் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம்: பில் தலைப்புக்கு ஒரு டேபிள், பில் வரிகளுக்கு ஒரு டேபிள், சரக்கு இருப்புக்கு ஒரு டேபிள்.

எல்லாவற்றுக்கும் முன் இந்த அமைப்பு

கீழே வரும் தீர்வுகளில் பாதிக்கு மேல் இந்த அமைப்பில்தான் வந்து நிற்கும், அதனால் முதலிலேயே பார்த்துவிடுவோம்:

செட் எக்ஸாக்ட்_அபார்ட், நோகவுண்ட் ஆன்;
பிகின் ட்ரை
— பிகின் டிரான்சாக்ஷன்;
— (இன்சர்ட், அப்டேட் எல்லாம் இங்கே)
— கமிட் டிரான்சாக்ஷன்;
எண்ட் ட்ரை
பிகின் கேட்ச்
— இஃப் @@டிரான்கவுண்ட் > 0 ரோல்பேக் டிரான்சாக்ஷன்;
— (பிழைப் பதிவு டேபிளில் ஒரு இன்சர்ட், தேவைப்பட்டால்)
— த்ரோ;
எண்ட் கேட்ச்

ட்ரை பகுதியில் பிழை வந்தால் ஓட்டம் கேட்ச்சுக்குத் தாவும், த்ரோ அந்தப் பிழையை அழைத்தவருக்கு அனுப்பும். டிரான்சாக்ஷன் என்பது ஒன்றாக ஏற வேண்டிய கட்டளைகள்: கமிட் அவற்றை உறுதியாக்கும், ரோல்பேக் ரத்து செய்யும், @@டிரான்கவுண்ட் திறந்திருக்கும் டிரான்சாக்ஷன்களின் எண்ணிக்கை. ட்ரை–கேட்ச் 2005 பதிப்பில் வந்தது. த்ரோ 2012-இல் வந்தது. இன்னும் பல பழைய ப்ரொசீஜர்களில் ஒவ்வொரு வரிக்கும் கீழே @@எரர் (முந்தைய கட்டளையின் பிழை எண்) பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அதைத் தொட நேரும்போதெல்லாம் மேலே உள்ள அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். கேட்ச் பகுதியில் இதைவிட அதிகம் புத்திசாலித்தனம் காட்டத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அங்கே வரிகள் கூடக் கூட, பிழை மறையும் வாய்ப்பும் கூடுகிறது.

"சேமிக்கப்பட்டது" என்று திரையில் வருகிறது, டேபிளில் ஒன்றும் இல்லை

முதலில் கேட்ச் பகுதியைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருக்கலாம், உள்ளே வெறும் பிரின்ட் மட்டும் இருக்கலாம், அல்லது 'ரிட்டர்ன் -1' என்று முடிந்திருக்கலாம். மூன்றும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான். பிரின்ட் வெறும் தகவல் செய்தியாகத்தான் போகும், அழைத்த செயலி அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது. ரிட்டர்ன் மதிப்பைச் செயலி படித்தால்தான் உண்டு, பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. கேட்ச் முடிவில் த்ரோ போட்டால் இது சரியாகிவிடும்.

த்ரோவுக்குப் பதில் ரெய்ஸ்எரர் இருக்கிறதா? அப்படியானால் அதன் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அது தீவிர நிலை. 0 முதல் 10 வரை இருந்தால் வெறும் தகவல்: கேட்ச் பக்கம் தாவாது, செயலியிலும் பிழையாகத் தெரியாது. 11 முதல் 16 வரை பயனர் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். 17 முதல் 19 வரை சர்வரின் வளம், மென்பொருள் சார்ந்தவை. 20 அல்லது அதற்கு மேல் என்றால் இணைப்பே துண்டிக்கப்படும். நீங்கள் எழுப்பும் பிழைக்கு 16 போதும். யாரோ "10" என்று போட்டுவிட்டுப் போன ஒரு எண்ணால் நாள் கணக்கில் தேட வேண்டி வரும்.

@@எரர் பார்க்கும் பழைய ப்ரொசீஜர் என்றால் வேறு கதை. அந்த மதிப்பு ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் புதிதாக எழுதப்படும். இன்சர்ட்டுக்கும் சோதனைக்கும் நடுவில் ஒரு 'செட்' வரியோ 'செலக்ட்' வரியோ நுழைந்துவிட்டால் @@எரர் 0 ஆகிவிடும். 'இஃப் @@எரர் <> 0 பிரின்ட் @@எரர்' என்று எழுதினால் அச்சாவது 0-தான், ஏனென்றால் அந்த இஃப் சோதனையே மதிப்பை அழித்துவிட்டது. @@ரோகவுண்டுக்கும் (முந்தைய கட்டளை தொட்ட ரோக்களின் எண்ணிக்கை) இதே விதி. அப்படியே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால், இன்சர்ட்டுக்கு அடுத்த வரியிலேயே 'செலக்ட்' ஒன்றில் இரண்டையும் சேர்த்து இரண்டு மாறிகளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரொசீஜரில் எல்லாம் சரியாக இருந்தும் செயலிக்குப் பிழை தெரியவில்லையா? டாட்நெட் செயலியில் ரீடர் வைத்துப் படிக்கிறார்களா என்று கேளுங்கள். ப்ரொசீஜர் முதலில் ஒரு செலக்ட் முடிவைத் திருப்பி, அதன்பின் பிழை எழுப்பினால், அந்தப் பிழை இரண்டாவது முடிவின் இடத்தில்தான் வந்து நிற்கும். 'நெக்ஸ்ட்ரிசல்ட்' கூப்பிட்டு எல்லா முடிவுகளையும் கடைசி வரை படிக்காத செயலிக்கு அது கண்ணிலேயே படாது.

இன்னொரு வகையும் உண்டு. இருப்பைக் குறைக்கும் அப்டேட்டில் வேர் நிபந்தனை எந்த ரோவோடும் பொருந்தவில்லை என்றால், எஸ்க்யூஎல் சர்வரைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை. உங்கள் கடைக்கு அது பெரிய பிழை. அந்த அப்டேட்டுக்கு அடுத்த வரியிலேயே @@ரோகவுண்ட் 0-வா என்று பார்த்து, 'த்ரோ 50010, "இந்தச் சரக்கு இருப்பில் இல்லை", 1' என்று நீங்களேதான் எழுப்ப வேண்டும். த்ரோவுக்குத் தரும் பிழை எண் 50000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கடைசியில் உள்ள 1 நிலை எண். ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுப்புகிறீர்கள் என்றால் இடத்துக்கு ஒரு நிலை எண் கொடுங்கள், எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பில்லின் பாதி மட்டும் ஏறியிருக்கிறது

பில் தலைப்பு இருக்கிறது, வரிகள் இல்லை, ஆனால் இருப்பு மட்டும் குறைந்திருக்கிறது. "பிகின் டிரான்சாக்ஷன், கமிட் எல்லாம் போட்டிருக்கிறோமே, எப்படி?" என்ற கேள்வி உடனே வரும். நடந்ததை வரி வரியாகப் பார்ப்போம்.

டிரான்சாக்ஷன் தொடங்குகிறது. தலைப்பு இன்சர்ட் ஆகிறது. வரிகளை இன்சர்ட் செய்யும்போது சரக்குக் குறியீடு மாஸ்டர் டேபிளில் இல்லாததால் ஃபாரின் கீ பிழை, எண் 547. அந்த ஒரு இன்சர்ட் மட்டும் ரத்தாகிறது. அடுத்து இருப்பைக் குறைக்கும் அப்டேட், எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது. கடைசியில் கமிட். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஓட்டிப் பார்த்தால் சிவப்பில் 547, அதற்குக் கீழேயே "ஒரு ரோ மாற்றப்பட்டது" என்ற செய்தி.

காரணம், எக்ஸாக்ட்_அபார்ட் இயல்பாக ஆஃப் நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் 547, 2627 (தனித்திருக்க வேண்டிய மதிப்பு மறுபடி வருவது), 515 (கட்டாய மதிப்பு இல்லாதது) போன்ற பிழைகள் தாங்கள் நிகழ்ந்த கட்டளையை மட்டுமே ரத்து செய்யும், பேட்ச் (ஒன்றாக அனுப்பிய கட்டளைகள்) தொடர்ந்து ஓடும். அதே சமயம் எழுத்தை எண்ணாக மாற்ற முடியாத 245 போன்ற பிழை மொத்த பேட்ச்சையும் நிறுத்தி டிரான்சாக்ஷனையும் ரோல்பேக் செய்துவிடும். எந்தப் பிழை எதைச் செய்யும் என்று மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். 'செட் எக்ஸாக்ட்_அபார்ட் ஆன்' போட்டுவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும்: ஓடும்போது இப்படி ஒரு பிழை வந்தாலே டிரான்சாக்ஷன் முழுவதும் ரோல்பேக்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். ரெய்ஸ்எரர் இந்த அமைப்பை மதிக்காது. எக்ஸாக்ட்_அபார்ட் ஆன் ஆக இருந்தாலும், ட்ரைக்கு வெளியே எழுப்பிய ரெய்ஸ்எரர் செய்தியை அனுப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். "இருப்பு போதாது" என்று சொல்லிவிட்டு இருப்பைக் குறைக்கவும் செய்யும். த்ரோ மதிக்கும், அந்த இடத்திலேயே நிறுத்தும். புதிதாக எழுதும்போது த்ரோவையே எழுதுங்கள்.

266, 3902, 3903: டிரான்சாக்ஷன் கணக்கு இடிக்கிறது

266 என்றால், ப்ரொசீஜருக்குள் நுழைந்தபோது இருந்த டிரான்சாக்ஷன் எண்ணிக்கையும் வெளியே வந்தபோது இருந்த எண்ணிக்கையும் வேறு என்று அர்த்தம். 3902 என்றால் தொடங்காத டிரான்சாக்ஷனை கமிட் செய்யப் பார்த்திருக்கிறீர்கள். 3903 என்றால் தொடங்காததை ரோல்பேக் செய்யப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரு ப்ரொசீஜர் இன்னொன்றைக் கூப்பிடும்போதுதான் இவை அதிகம் வரும். வெளி ப்ரொசீஜர் பிகின் டிரான்சாக்ஷன் போடுகிறது, @@டிரான்கவுண்ட் 1. உள் ப்ரொசீஜரும் பிகின் போடுகிறது, 2. இது உண்மையில் இரண்டு டிரான்சாக்ஷன் கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான் ஏறுகிறது. உள்ளே கமிட் போட்டால் எண்ணிக்கை ஒன்று குறையும், டிஸ்க்கில் எதுவும் உறுதியாகாது. ரோல்பேக் மட்டும் அப்படி இல்லை: எந்த ஆழத்தில் போட்டாலும் வெளி டிரான்சாக்ஷன் வரை எல்லாவற்றையும் அழித்து எண்ணிக்கையை நேராக 0 ஆக்கிவிடும்.

இப்போது உள் ப்ரொசீஜரின் கேட்ச் ரோல்பேக் செய்துவிட்டு, த்ரோ போடாமல் அமைதியாகத் திரும்பி வருகிறது என்று வையுங்கள். வெளியே 266 வருகிறது. அங்கே ட்ரை இல்லையென்றால் ஓட்டம் தொடர்ந்து, கடைசியில் கமிட் செய்யப் போய் 3902. திரையில் தெரிவது இவை இரண்டும்தான். ஆரம்பத்தில் நடந்த 547 எங்கும் இல்லை. 266-ஐப் பார்த்தால் அதையே சரி செய்ய உட்காராதீர்கள், அது விளைவு மட்டுமே. கூப்பிடப்பட்ட ப்ரொசீஜர்களில் எதன் கேட்ச் பகுதியில் த்ரோ இல்லை என்று தேடுங்கள்.

எல்லா ப்ரொசீஜரிலும் மேலே சொன்ன அமைப்பு இருந்தால் கணக்கு தானாகவே நேராகும். உள் கேட்ச் ரோல்பேக் செய்து த்ரோ போடும். அது வெளி கேட்ச்சில் போய் விழும். அங்கே @@டிரான்கவுண்ட் ஏற்கெனவே 0, எனவே ரோல்பேக்கைத் தாண்டி மறுபடி த்ரோ. அசல் பிழை அசல் எண்ணோடு செயலிக்குப் போய்ச் சேரும்.

உள்ளே நடந்ததை மட்டும் திரும்பப் பெற்று வெளி டிரான்சாக்ஷனைக் காப்பாற்ற 'சேவ் டிரான்சாக்ஷன்' இருக்கிறது. ஆனால் எக்ஸாக்ட்_அபார்ட் ஆன் ஆக இருக்கும்போது பிழை வந்தால் டிரான்சாக்ஷன் கெட்டுப்போய்விடும், சேவ் செய்த இடத்துக்குத் திரும்ப முடியாது. உண்மையான தேவை இருக்கும் அரிதான இடங்களைத் தவிர இந்த வழிக்குப் போகாதீர்கள்.

இன்னொரு இடமும் இருக்கிறது. 'இன்சர்ட் ... எக்ஸெக்' என்று ஒரு ப்ரொசீஜரின் முடிவை நேராக டேபிளில் வாங்கும்போது, அந்த ப்ரொசீஜருக்குள் ரோல்பேக் அனுமதி இல்லை. 3915 வரும், அது அசல் பிழையை மூடிவிடும். அந்த ப்ரொசீஜரைத் தனியாக, இன்சர்ட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அசல் பிழை அப்போது தெரியும்.

3930, அல்லது பிழைப் பதிவு டேபிள் எப்போதும் காலியாகவே இருக்கிறது

இரண்டுக்கும் வேர் ஒன்றே: பதிவு செய்யும் இன்சர்ட் ரோல்பேக்குக்கு முன்னால் இருக்கிறது.

கேட்ச்சுக்குள் டிரான்சாக்ஷன் எந்த நிலையில் இருக்கிறது என்று 'எக்ஸாக்ட்_ஸ்டேட்' சொல்லும். 1 என்றால் உயிரோடு இருக்கிறது, கமிட்டும் செய்யலாம். 0 என்றால் டிரான்சாக்ஷனே இல்லை. -1 என்றால் கெட்டுப்போனது: படிக்கலாம், எழுத முடியாது, ரோல்பேக் ஒன்றுதான் வழி. -1 நிலையில் பதிவு டேபிளுக்கு இன்சர்ட் செய்யப் போனால் 3930 வரும், உண்மையான பிழை அதன் பின்னால் மறைந்துவிடும். 1 நிலையில் இன்சர்ட் வெற்றி பெறும், ஆனால் அடுத்து வரும் ரோல்பேக்கில் அந்தப் பதிவும் சேர்ந்தே அழியும். பதிவு டேபிள் காலியாக இருக்கும் மர்மம் இதுதான்.

எனவே வரிசை முக்கியம். முதலில் ரோல்பேக், பிறகு பதிவு, கடைசியில் த்ரோ. ரோல்பேக் செய்த பிறகும் கேட்ச்சுக்குள் இருக்கும்வரை எரர்_நம்பர், எரர்_மெசேஜ், எரர்_லைன், எரர்_ப்ரொசீஜர் எல்லாம் பழைய மதிப்பையே தரும், பயப்பட வேண்டாம்.

பிழை நடந்தபோது எந்தெந்தச் சரக்கு வரிகள் உள்ளே இருந்தன என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டுமா? டேபிள் வேரியபிளைப் பயன்படுத்துங்கள். ரோல்பேக் அதைத் தொடாது. டெம்ப் டேபிளில் வைத்தால் அழிந்துவிடும். ட்ரைக்குள் வேலை நடக்கும்போதே டேபிள் வேரியபிளில் நிரப்பி வைத்துக்கொண்டு, ரோல்பேக் முடிந்ததும் அதிலிருந்து நிரந்தர டேபிளுக்கு மாற்றுங்கள்.

பதிவு டேபிளின் அமைப்பிலும் கவனம் வேண்டும். பதிவு செய்யும் இன்சர்ட்டே தோற்றால் அசல் பிழை போய்விடும். செய்திக்கு என்வார்கேர் (யூனிகோட் எழுத்து வகை) 4000 கொடுங்கள், எரர்_மெசேஜ் தருவது அந்த அளவுதான். ப்ரொசீஜர் பெயருக்கான காலம் (டேபிளின் நெடுவரிசை) நல் (மதிப்பே இல்லாத நிலை) ஏற்க வேண்டும், ஏனென்றால் பிழை ப்ரொசீஜருக்கோ டிரிகருக்கோ (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) வெளியே நடந்தால் எரர்_ப்ரொசீஜர் நல்தான் தரும்.

கேட்ச் பகுதிக்குள் போகவே இல்லை

தீவிர நிலை 10 அல்லது அதற்குக் கீழே என்றால் போகாது, அதைச் சொல்லிவிட்டேன். 20 அல்லது அதற்கு மேலே சென்று இணைப்பே அறுந்தாலும் போகாது. மற்ற இரண்டு காரணங்கள் அதிகம் குழப்புபவை.

ஒன்று, 208: டேபிள் இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் ப்ரொசீஜரை உருவாக்கும்போது உள்ளே சொல்லியிருக்கும் டேபிள் இருக்கிறதா என்று கட்டாயப்படுத்துவதில்லை, ஓடும்போதுதான் பார்க்கும். அந்த நேரத்தில் டேபிள் இல்லையென்றால் வரும் பிழையை அதே ப்ரொசீஜரின் கேட்ச் பிடிக்காது. அதைக் கூப்பிட்ட வெளி ப்ரொசீஜரின் கேட்ச் பிடிக்கும். பெயர் மாற்றிய டேபிள், மேலே உருவாக்க மறந்த டெம்ப் டேபிள் இரண்டையும் முதலில் சோதியுங்கள்.

இரண்டு, டைம்அவுட். இது சர்வர் எழுப்பும் பிழையே இல்லை. டாட்நெட்டில் ஒரு கட்டளைக்கு இயல்பான காத்திருப்பு 30 விநாடி. அது முடிந்ததும் செயலி "போதும், நிறுத்து" என்று சர்வருக்குச் சொல்லிவிடும். சர்வர் அந்த இடத்திலேயே ஓட்டத்தை வெட்டும், கேட்ச் ஓடாது. எக்ஸாக்ட்_அபார்ட் ஆஃப் என்றால் டிரான்சாக்ஷன் திறந்தபடியே நிற்கும், பூட்டுகளும் நிற்கும். இணைப்பு பூலுக்கு (மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) திரும்பிப் போனாலும், அடுத்து யாராவது அதே இணைப்பை எடுக்கும்வரை அந்த நிலைதான். சம்பந்தமே இல்லாத இன்னொரு திரை அந்த நேரத்தில் உறைந்து நிற்கும்.

இந்தச் சந்தேகம் வந்தால் 'சிஸ்.டிஎம்_எக்ஸெக்_செஷன்ஸ்' பாருங்கள். நிலை 'ஸ்லீப்பிங்', ஆனால் 'ஓபன்_டிரான்சாக்ஷன்_கவுண்ட்' 0-வை விட அதிகம் என்று ஒரு ரோ இருந்தால் அதுதான் ஆள். எக்ஸாக்ட்_அபார்ட் ஆன் ஆக இருந்திருந்தால் நிறுத்தச் சொன்ன அந்தக் கணத்திலேயே ரோல்பேக் நடந்திருக்கும். ட்ரை–கேட்ச் இருக்கும்போது எக்ஸாக்ட்_அபார்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

த்ரோ எழுதியிருக்கிறேன், ஆனால் 6401 வருகிறது

செய்தியை நன்றாகப் படியுங்கள். "த்ரோ என்பதை ரோல்பேக் செய்ய முடியவில்லை, அந்தப் பெயரில் டிரான்சாக்ஷனோ சேவ்பாயின்டோ இல்லை" என்று இருக்கும். 'ரோல்பேக் டிரான்சாக்ஷன்' என்ற வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. அதனால் அடுத்த வரியில் உள்ள த்ரோவை, ரோல்பேக் செய்ய வேண்டிய டிரான்சாக்ஷனின் பெயராக சர்வர் எடுத்துக்கொண்டது. ரோல்பேக்கும் நடக்கவில்லை, த்ரோவும் நடக்கவில்லை. செலக்ட்டுக்குப் பிறகு அரைப்புள்ளி இல்லாமல் த்ரோ எழுதினால் இன்னும் மோசம்: அது பெயர்ச்சூட்டலாக மாறி, பிழையே இல்லாமல் கடந்துபோகக்கூடும்.

எல்லா வரியின் முடிவிலும் அரைப்புள்ளி போடும் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள். சிலர் பாதுகாப்புக்காக த்ரோவுக்கு முன்னாலேயே ஓர் அரைப்புள்ளி வைத்து ';த்ரோ' என்று எழுதுவார்கள், அதுவும் நல்லதே.

எந்தப் பிழை வந்தாலும் எண் 50000, வரி எண்ணும் தப்பு

கேட்ச்சில் எரர்_மெசேஜை ஒரு மாறியில் வாங்கி ரெய்ஸ்எரர் வழியாக மறுபடி எழுப்பியிருப்பார்கள். அப்படி எழுப்பினால் எண் 50000 ஆகிவிடும், வரி எண் ரெய்ஸ்எரர் இருக்கும் வரியைக் காட்டும். 1205 வந்தால் மறுபடி முயற்சி செய், 2627 வந்தால் "இந்த எண் ஏற்கெனவே உள்ளது" என்று காட்டு என்றெல்லாம் செயலியில் எழுதியிருந்தால், அவை எதுவும் வேலை செய்யாது. வெறும் த்ரோ மட்டும்தான் எண், செய்தி, வரி எல்லாவற்றையும் அப்படியே கடத்தும்.

செய்திக்குள் சதவீதக் குறி இருந்தால் ரெய்ஸ்எரர் இன்னொரு வகையிலும் படுத்தும். 'தள்ளுபடி 10%' என்ற சரக்குப் பெயர் பிழைச் செய்திக்குள் வந்தால், அந்தக் குறியை வடிவமைப்புக் குறியாக எடுத்துக்கொண்டு 2787 எழுப்பிவிடும். ரெய்ஸ்எரரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்றால் செய்தியை நேராகக் கொடுக்காமல், '%எஸ்' என்ற வடிவத்தைக் கொடுத்து, உங்கள் மாறியை அதற்கான மதிப்பாகத் தாருங்கள்.

பேக்அப் எடுக்கும் ப்ரொசீஜர்களில் த்ரோவின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பேக்அப் தோற்றால் இரண்டு பிழைகள் சேர்ந்து வரும்: உதாரணமாக, கோப்பைத் திறக்க முடியவில்லை என்று காரணம் சொல்லும் 3201, பிறகு "பேக்அப் பாதியில் நின்றது" என்று மட்டும் சொல்லும் 3013. எரர்_மெசேஜ் கடைசியில் வந்ததை மட்டுமே தரும், அதாவது உதவாத 3013-ஐ. த்ரோ இரண்டையும் அனுப்பும்.

எப்போதாவது மட்டும் 1205 வருகிறது

டெட்லாக். பில் போடும் ப்ரொசீஜர் முதலில் பில் டேபிளைப் பூட்டி, பிறகு இருப்பு டேபிளுக்குப் போகிறது. சரக்கு வரவு ப்ரொசீஜர் முதலில் இருப்பு, பிறகு பில். இருவரும் ஒரே நேரத்தில் நடுவழியில் சந்தித்தால் யாரும் நகர முடியாது. சர்வர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றும். அவருக்குத்தான் 1205.

வெளியேற்றப்பட்டவரின் டிரான்சாக்ஷன் முழுவதும் போய்விட்டது, அதனால் மறுமுயற்சியும் முதலிலிருந்துதான் இருக்க வேண்டும். டிரான்சாக்ஷனைத் தொடங்கிய இடத்துக்கு, முடிந்தால் செயலிக்கே, அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். சிறிய இடைவெளி விட்டு, இரண்டு மூன்று முறைக்கு மேல் போகாமல். இது தற்காலிக நிவாரணம்தான். எல்லா ப்ரொசீஜரும் டேபிள்களை ஒரே வரிசையில் தொடும்படி மாற்றுவதும், தேடும் நெடுவரிசையில் சரியான இன்டெக்ஸ் வைப்பதும்தான் மருந்து. யார் யாரோடு மோதினார்கள் என்ற விவரம் 'சிஸ்டம்_ஹெல்த்' என்ற எக்ஸ்டெண்டட் ஈவென்ட் பதிவில் இயல்பாகவே சேர்ந்துகொண்டிருக்கும், தனியாக எதையும் இயக்க வேண்டியதில்லை.

இருக்கிறதா என்று பார்த்துத்தான் இன்சர்ட் செய்கிறேன், அப்படியும் 2627

'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' பார்ப்பதற்கும் இன்சர்ட் செய்வதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டால் இருவருக்குமே "இல்லை" என்று பதில் வரும், இருவரும் இன்சர்ட் செய்வார்கள். யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருப்பதால்தான் ஒருவருக்குப் பிழை வருகிறது. அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரே எண்ணில் இரண்டு பில் இருந்திருக்கும். எனவே அந்தக் கன்ஸ்ட்ரெய்ன்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சோதனை செலக்ட்டில் 'அப்ட்லாக்', 'ஹோல்ட்லாக்' இரண்டு குறிப்புகளையும் சேர்த்து, சோதனையையும் இன்சர்ட்டையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள். பிழையைப் பிடித்துத் தனிச் செய்தி காட்டுவதாக இருந்தால் 2627-ஐ மட்டும் பார்க்காதீர்கள். கன்ஸ்ட்ரெய்ன்ட் மீறலுக்கு 2627, யூனிக் இன்டெக்ஸ் மீறலுக்கு 2601. இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும்.

8152, 245: எந்த ரோ, எந்த காலம் என்று தெரியவில்லை

8152 "வெட்டுப்பட்டுவிடும்" என்று மட்டும் சொல்லும். 2019 பதிப்பிலும் அதற்குப் பிறகும், டேட்டாபேஸின் இணக்க நிலை 150 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதற்குப் பதில் 2628 வரும். அது டேபிள் பெயர், காலம் பெயர், வெட்டுப்பட்ட மதிப்பு மூன்றையும் சொல்லிவிடும். 245-க்கு, 'ட்ரை_கன்வெர்ட்' நல் தரும் ரோக்களை மட்டும் செலக்ட் செய்து பாருங்கள், குற்றவாளி ரோ உடனே வந்துவிடும். இது 2012 முதல் உண்டு.

டிரிகரில் பிழை எழுப்பினேன், ரோ அப்படியே ஏறிவிட்டது

டிரிகருக்குள் ரெய்ஸ்எரர் மட்டும் போட்டால் செய்தி போகும், ரோ தங்கிவிடும். த்ரோ போடுங்கள். டிரிகருக்குள் எக்ஸாக்ட்_அபார்ட் இயல்பாகவே ஆன் நிலையில் இருப்பதால் எல்லாம் ரோல்பேக் ஆகிவிடும். ரோல்பேக்கை நீங்களே எழுதினால் கூடவே "டிரிகரில் டிரான்சாக்ஷன் முடிந்துவிட்டது" என்று 3609-உம் வந்து நிற்கும்.

தமிழில் எழுதிய பிழைச் செய்தி திரையில் கேள்விக்குறிகளாக வருகிறது

மேற்கோள் குறிக்கு முன்னால் பெரிய 'என்' எழுத்து இல்லை. அது இல்லாமல் எழுதிய சரம் யூனிகோடாக எடுத்துக்கொள்ளப்படாது, தமிழ் எழுத்துகள் எல்லாம் அந்த இடத்திலேயே கேள்விக்குறியாக மாறிவிடும். பிறகு எங்கே என்ன செய்தாலும் திரும்பி வராது. த்ரோ, ரெய்ஸ்எரர் இரண்டிலும் செய்திக்கு முன் 'என்' போடுங்கள். செய்தியை மாறியில் வைத்தால் அது வார்கேராக இல்லாமல் என்வார்கேராக இருக்க வேண்டும், த்ரோவுக்கு 2048 எழுத்துகள் வரை ஏற்கும். மாறியை என்வார்கேராக அறிவித்துவிட்டு, அதில் மதிப்பு வைக்கும் வரியில் 'என்' விட்டுப்போயிருந்தாலும் இதே கதிதான், அதையும் பாருங்கள். பிழைப் பதிவு டேபிளின் செய்திக் காலமும் என்வார்கேர்தானா என்று ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

த்ரோவுக்குள் செய்தியை ஒட்டிச் சேர்க்கவும் முடியாது. சரக்கின் பெயரைச் செய்தியில் காட்ட வேண்டுமென்றால் முதலில் என்வார்கேர் மாறி ஒன்றில் முழுச் செய்தியையும் சேர்த்துக்கொண்டு, அந்த மாறியை த்ரோவுக்குக் கொடுங்கள். சரக்கின் பெயர் நல்லாக இருந்தால் கூட்டல் குறியால் ஒட்டிய மொத்தச் செய்தியுமே நல்லாகிவிடும். அதனால் ஒட்டும் இடத்தில் 'கான்கேட்' அல்லது 'இஸ்நல்' பயன்படுத்துங்கள்.